அவர் லேட்டாக வருவார்

என் கணவர் இறந்து சில மாதங்கள் ஆன பிறகு, சிங்கப்பூர் கிளமெண்டியில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஒரு துருக்கிக் குடும்பம் குடிவந்தது. குடும்பம் என்றால் இரண்டே பேர். கணவருக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஏதோ ஆராய்ச்சி வேலை. காலையில் பையை மாட்டிக்கொண்டு போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். மனைவிக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தவளுக்கு இங்கே வேலை இல்லை. ஆங்கிலம் கொஞ்சம் தெரியும். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் பேசுவாள்.

என்னிடமும் லிஃப்டில்தான் பேசினாள். பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள். ஒரு மகள், கல்யாணமாகி சுவா சூ காங்கில் இருக்கிறாள் என்றேன். வேலைக்குப் போகிறீர்களா என்றாள். ஃபேரர் பார்க்கில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் கவுண்டரில் இருக்கிறேன் என்றேன். இந்த வீட்டில் எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி. "மை லேட் ஹஸ்பண்ட் ஆசைப்பட்டு வாங்கினது" என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அவள் சிரித்துத் தலையாட்டினாள். முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. துக்கம் விசாரிக்கத் தெரியாதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு என்று நினைத்துக்கொண்டேன். எல்லாரும் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டிருந்த சமயம் அது. அதனால் அவள் சிரித்தது ஒரு வகையில் நிம்மதியாகவும் இருந்தது.

லேட் என்பது நான் நாள் முழுக்கச் சொல்கிற சொல். கிளினிக்கில், "அங்கிள், நீங்க லேட்லா, டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாரு" என்று ஒரு நாளைக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டும். வீட்டில் அதே சொல் என் கணவருடையதாக இருந்தது. அவர் துவாஸில் ஒரு பட்டறையில் மெஷின் பழுது பார்த்தவர். ஓவர்டைம் இருந்தால் 'லேட் ஆகும், நீ சாப்பிடு' என்று போனில் ஒரு வரி வரும். நான் சாப்பிட மாட்டேன். பிறகு ஒரு நாள் மருத்துவமனையில், அவர் நுரையீரலின் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, 'லேட் ஸ்டேஜ்' என்றார் டாக்டர். என் கணவர் என் பக்கம் திரும்பி, "வேலைக்கு நான் ஒரு நாளும் லேட்டா போனதில்ல" என்று தமிழில் சொன்னார். டாக்டருக்குப் புரியவில்லை. அவர் இறந்த பின் வந்த கடிதங்களில் அந்தச் சொல் அவர் பெயருக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெண் எங்கள் வாசல் இரும்பு கேட்டுக்கு வெளியே தட்டோடு நின்றாள். என்னை 'ஆப்லா' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். அவள் பாஷையில் அக்கா. தட்டில், திராட்சை இலைக்குள் சோறு வைத்து விரல் கனத்துக்குச் சுருட்டிய பண்டம். பாதி எனக்கு, பாதி என் கணவருக்கு என்றாள். பாவம், தினமும் லேட்டாகத்தான் வருகிறார், ஒரு தடவைகூட முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இறந்தவர் என்ற பொருளில் நான் லிஃப்டில் சொன்ன லேட், அவள் காதில் வேறு லேட்டாகப் போய் விழுந்திருக்கிறது. திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் தொடர்ந்துவிட்டாள். "பார்த்ததில்லை. ஆனால் கேட்பேன்."

என்ன கேட்கிறது என்றேன்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்து அவள் பாத்திரம் கழுவும்போது, தாழ்வாரத்தில் ஒருவர் செருப்பை இழுத்து இழுத்து நடந்து வருவாராம். சாவிக்கொத்து குலுங்குமாம். எங்கள் கேட் திறக்குமாம். "இருமுகிறார் ஆப்லா. நெஞ்சு இருமல். நான் மருந்துக்கடைக்காரி, எனக்குத் தெரியும். டாக்டரிடம் காட்டுங்கள்."

கையில் தட்டு இல்லாவிட்டால் நான் கேட்டைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அவர் கால் இழுத்துத்தான் நடப்பார். பட்டறையில் இரும்பு விழுந்து இடது கால் அப்படி ஆகியிருந்தது. இருமலும் அவருடையதுதான். இந்த இரண்டையும் நான் அவளிடம் சொன்னதில்லை. அவள் வருவதற்கு முன்பே அவர் போய்விட்டார்.

"ஆமாம், அவருக்கு இருமல் இருக்கிறது" என்றேன். இருக்கிறது என்று நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

அன்று அந்தப் பண்டத்தில் பாதியை, படுக்கையறையில் இருந்த அவர் படத்தின் முன்னால் வைத்தேன். எலுமிச்சை வாசனை அறை முழுக்கப் பரவியது. கொஞ்ச நேரம் கழித்து நானே எடுத்துச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நான் காது கொடுக்க ஆரம்பித்தேன். சாப்பிட்டு, வேலையெல்லாம் முடித்து, எட்டரை மணித் தமிழ்ச் செய்தியும் முடிந்ததும் டிவியை அணைத்துவிடுவேன். மரக்கதவைத் திறந்து போட்டு, கேட்டை மட்டும் சாத்தி, கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். மேல் வீட்டில் நாற்காலி நகரும். தூரத்தில் ரயில் போகும். பக்கத்து வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் வரும். வேறு எதுவும் கேட்காது. ஆனால் காலையில் லிஃப்டில் அவள் சொல்லுவாள், நேற்றும் வந்தார் என்று. அவர் என்னைத் தேடி வருகிறார் என்றால் எனக்கல்லவா கேட்க வேண்டும்? பயம் போய், ஒரு கட்டத்தில் எனக்குப் பொறாமையே வந்துவிட்டது. இத்தனை வருஷம் சோற்றை மூடி வைத்துக் காத்திருந்தவள் நான். நேற்று வந்தவள் காதில் போய்க் கேட்கிறாரே என்று படத்தைப் பார்த்துக் கேட்டேன்.

ஒரு வார இறுதியில் மகள் வீட்டில் தங்கிவிட்டு வந்தேன். லிஃப்டில் பார்த்ததும் அந்தப் பெண் கவலையோடு கேட்டாள், "ரெண்டு நாளாக அவர் வரவில்லையே, ஊருக்குப் போனாரா?" நான் இல்லாத வீட்டுக்கு அவர் வருவதில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன். அதோடு சுவா சூ காங்கில் போய்த் தங்குவதை நிறுத்தினேன். மகள் விடவில்லை, காரணம் கேட்டாள். கடைசியில் சொன்னேன்.

"அம்மா, அது மேல் வீட்டு சத்தமா இருக்கும்லா. நீங்க அவங்ககிட்ட உண்மையச் சொல்லிடுங்க. பாவம், நம்ம அப்பாவுக்குன்னு அவங்க சமைச்சு அனுப்பிக்கிட்டு இருக்காங்க."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. இந்த அடுக்குமாடிப் புளோக்கில் ஒருத்தியின் மனசிலாவது அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். அதை என் வாயால் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

வருஷத் திதி வந்தது. முதல் நாளே தேக்காச் சந்தைக்குப் போய் வாழையிலை, காய்கறி, மல்லிகைச் சரம் எல்லாம் வாங்கி வந்தேன். மகளும் மருமகனும் காலையிலேயே வந்துவிட்டார்கள். படத்தைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, பொட்டு வைத்து, மாலை போட்டு, விளக்கேற்றினோம். இலையில் அவருக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியல் முதலில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே 'ஆப்லா' என்று குரல். வாசலில் நிறையச் செருப்புகளைப் பார்த்து, விசேஷம் போலிருக்கிறது என்று ஒரு டப்பாவில் ஏதோ எடுத்து வந்திருக்கிறாள். மகள் கேட்டைத் திறந்து உள்ளே கூப்பிட்டாள். அதுவரை அவள் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை.

அவள் படத்தைப் பார்த்தாள். மாலை எதற்கென்று தெரியாமல் சிரித்தாள். "இவர்தானா? இன்றைக்காவது வீட்டில் இருக்கிறாரா?"

நான் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டேன். மகள்தான் மெதுவாகச் சொன்னாள், அப்பா இறந்து இன்றோடு ஒரு வருஷம் என்று. அந்தப் பெண் மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். டப்பாவை மேசையில் வைக்கப் போய் ஓரத்தில் வைத்துவிட்டாள். விழப் போனதை மருமகன் பிடித்துக்கொண்டார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, தன் பாஷையில் ஏதோ ஓதி, முகத்தில் தடவிக்கொண்டாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

என்மேல் கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். மறுநாள் அவளே வந்து கூப்பிட்டாள். அவள் வீட்டு வாசலில் நான் தயங்கியபோது, "கெச், கெச்" என்றாள். உள்ளே வா என்று அர்த்தமாம். இடுப்பு குறுகிய சின்னக் கண்ணாடிக் கிளாஸில் தேநீர் ஊற்றிக்கொண்டே, லேட்டுக்கு இப்படி ஓர் அர்த்தம் உண்டென்று நேற்றுத்தான் தெரிந்தது, அதே கெச்தான் எங்கள் ஊரில் லேட்டுக்கும் என்றாள். பஸ் தாமதமானாலும் கெச், ஆள் தாமதமானாலும் கெச். ஆனால் செத்தவருக்கு ஒரு நாளும் அதைச் சொல்ல மாட்டார்களாம். அவருக்கு 'ரஹ்மெத்லி'. கடவுளின் இரக்கம் கிடைத்தவர் என்று பொருள். டாக்டர் லேட் ஸ்டேஜ் என்றதையும் சொன்னேன், அதற்கு 'சோன்' என்ற சொல் வருமாம், கடைசி என்று. 'லேட் ஆஃப்டர்நூன்' என்கிற, வெயில் இறங்குகிற பிற்பகலுக்கு 'இகிந்தி' என்று தனிப் பெயர். "இங்கிலீஷ்காரர்கள் எல்லாவற்றையும் ஏன் ஒரே பையில் போட்டார்கள்?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டாள்.

உங்கள் மொழியில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டாள். காலமானார் என்போம் என்றேன். காலம் என்றால் நேரம்தான், மனிதர் நேரமாகவே ஆகிவிட்டார் என்று விளக்கினேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே அது கொஞ்சம் பயமாக இருந்தது.

அவள் கிளாஸைக் கீழே வைத்தாள். "அப்படியானால் நான் கேட்டது யாரை?"

எனக்கும் ஒரு தடவை கேட்க வேண்டும் என்றேன். நாளைக்கு அந்த நேரத்துக்கு இங்கேயே வந்துவிடுங்கள், சேர்ந்து கேட்போம் என்றாள். அவளுக்குப் பயம்தான். இருந்தாலும் கூப்பிட்டாள்.

மறுநாள் வேலைவிட்டு வந்து குளித்து, சீக்கிரமே அங்கே போனேன். அவள் கணவர் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டார். தண்ணீர் சத்தம் வேண்டாம் என்று அடுப்படியில் பாத்திரங்களைக் கழுவாமல் அப்படியே விட்டுவிட்டு, வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். வந்தால் எழுந்து போய்க் கதவைத் திறப்பதா, இல்லை உட்கார்ந்தே கேட்பதா என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். மணி எட்டேகால் ஆனது. எட்டரை ஆனது. எதிர்ப் புளோக்கில் யாரோ துணி காயப்போட்ட கழியை உள்ளே இழுத்தார்கள். தாழ்வாரம் காலியாகவே கிடந்தது.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, தன்னை அறியாமல், "கெச் கல்டி" என்றாள். லேட்டாகிவிட்டார். சொன்னதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமல் பிடித்துக்கொண்டது. அவர் போன பிறகு எனக்கு அப்படி ஒரு வறட்டு இருமல். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றுவிட்டார். நான் இருமி முடிக்கும்வரை அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆப்லா, தினமும் இந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

சாப்பிடுவேன் என்றேன். பிறகு குப்பையைக் கட்டி, தாழ்வாரத்துக் கோடியில் போய்ப் போட்டுவிட்டு வந்து, செய்தி போடுவேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவள் வாசலுக்கு வெளியே பார்த்தாள். நானும் பார்த்தேன். நான் போட்டுக்கொண்டு வந்திருந்த ரப்பர் செருப்பு அங்கே கிடந்தது. அது அவருடையது. எனக்குப் பெரியது, இழுத்துத்தான் நடக்க முடியும். என் மடியில் அவர் சாவிக்கொத்து இருந்தது. பட்டறை அலமாரிச் சாவிகளைக்கூட நான் அதிலிருந்து எடுக்கவில்லை.

"அது நான்தான்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் வேறு மாதிரி ஆனது. இத்தனை மாதமாக அவர் இந்தத் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தார், இப்போது அதுவும் நின்றுவிட்டது என்று தோன்றியது. மருத்துவமனையில் அழாத அழுகை அங்கே வந்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், நாடி பார்ப்பவள்போல. அவள் ஊற்றி வைத்திருந்த தேநீர் ஆறிப்போனது.

வெகுநேரம் கழித்து, அவர் பெயர் என்ன என்று கேட்டாள்.

என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை. உறவுக்காரர்களுக்குத் தெரியும், அலுவலகங்களில் தாளைப் பார்த்துக்கொள்வார்கள். நான் அவர் இருந்தவரை 'என்னங்க' என்றே கூப்பிட்டவள். மற்றவர்களிடம் பேசும்போது 'அவர்'. புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று யாரும் எனக்குச் சட்டம் போடவில்லை. அம்மா சொல்ல மாட்டார், நானும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

சொன்னேன். சற்று உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, உள்ளறையிலிருந்து அவள் கணவர் எட்டிப் பார்த்தார். அவள் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னாள், குறிலாக இருக்க வேண்டிய இடத்தில் நீட்டி. இல்லை, இப்படி என்று மறுபடி சொல்லிக்கொடுத்தேன். இரண்டாவது தடவையும் தப்பாகத்தான் வந்தது. மூன்றாவது தடவை சரியாகச் சொன்னாள்.