நீலக்கோட்டுத் தட்டும் பெரியப்பாவின் பசியும்

விளிம்பில் நீலக் கோடு ஓடும் அந்த எனாமல் மங்குத் தட்டில்தான் பெரியப்பா சாப்பிடுவார். சாப்பிட்டுக் கையலம்பியதும் வெளியே வந்து நிற்பார். லிங்கி ஊர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் இருந்தோம். அங்கே "சாப்டாச்சா?" என்று கேட்காமல் யாரும் யாரையும் தாண்டிப் போவதில்லை. பதிலை எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வியில்லை அது. மறதி நோய் வந்தபின் பெரியப்பா மட்டும் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினார். "எங்கம்மா! காலையிலேர்ந்து பச்சத்தண்ணி இல்ல லா." மீசையில் சோற்றுப் பருக்கை அப்படியே ஒட்டியிருக்கும். பக்கத்து வீட்டில் ஒரு தட்டு, அடுத்த வீட்டில் இன்னொரு தட்டு என்று லயம் முழுக்க அவருக்கு விருந்துதான்.

பேர் கெட்டது அவர் மருமகளுக்கு, எனக்கு அண்ணி. மாமனாரைப் பட்டினி போடுகிறவள் என்ற பேச்சு பசார் மாலாம் இரவுச் சந்தை வரை போய்விட்டது. "வேணும்னேதான் தம்பி என்னை அசிங்கப்படுத்துறாரு. வயிறு முட்டத் தின்னவருக்குப் பசிக்குமா? நீதான் படிச்சவனாச்சே, சொல்லு." குடும்பத்தில் முதலில் படித்தவன் நான்தான், எனக்கோ பதில் தெரியவில்லை. பெரியப்பா போய்ச் சேர்ந்தார். அண்ணியின் கேள்வி போகவில்லை.

இப்போது ஆய்வகத்தில் என் வேலையே பசியோடுதான். வயிறு காலியாகும்போது இரைப்பை கிரெலின் என்ற சிறு புரதத் துணுக்கைச் சுரக்கிறது. பசியை மூளைக்குச் சொல்லும் தூது அது. நரம்பணுக்கள் மடியாமல் அதுவே காக்கவும் கூடுமோ என்று பலர் தேடுகிறார்கள். போன வாரம் நுண்ணோக்கியில் பார்த்தேன். மறதி நோயில் மூளையில் சேரும் நஞ்சு மட்டும் பட்ட நரம்பணுக்கள் சுருண்டு கிடந்தன. கிரெலினும் சேர்த்துக் கொடுத்தவற்றில் பல, கிளை விரித்து உயிரோடு நின்றன! நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். கண்ணாடிக் கிண்ணத்துக்குள் நடந்தது, மனிதருக்கு மருந்தாகாமலும் போகலாம். தெரிந்தும் உட்கார முடியவில்லை. அண்ணியின் கேள்விக்குப் பதிலும் இந்தப் பசித் தூதுப் பக்கம்தான் இருப்பதாகப் பட்டது. வழியில் சிரம்பானில் இறங்கி ஒரு தட்டு மீ கோரேங் நூடுல்ஸை விழுங்கிவிட்டு, அடுத்த பஸ்ஸில் அண்ணி வீட்டுக்குப் போனேன்.

"அண்ணி, பசியெடுக்கிறதும் வயிறு நெறையிறதும் மூளைக்குத் தெரியணும். பெரியப்பாவோட நோவு அதையும் கலைச்சிருக்கலாம். சாப்ட்டதே ஞாபகம் இல்ல, நெறஞ்ச சேதியும் போய்ச் சேந்திருக்காது."

"அப்ப மாமா பொய் சொல்லல?"

"நெசமாவே பசிச்சிருக்கும் அண்ணி."

அண்ணி கண் கலங்கியபடியே சிரித்துவிட்டார். "பாவம் லா மாமா! நாலு வூட்டுச் சோறு தின்னும் பசியோடயா நின்னாரு!"

உள்ளே போனவர் அந்த மங்குத் தட்டோடு வந்தார்.

"சாப்டாச்சா தம்பி?"

மீ கோரேங் இன்னும் தொண்டையிலேயே இருந்தது.

"இன்னும் இல்ல அண்ணி."

நீலக் கோடு மறையும்வரை சோறு விழுந்தது.