ஒன்றரை மணி வெடி

கடலூரிலிருந்து வந்த பதினான்கு பெண்களும் புளியோதரைப் பொட்டலங்களை அப்படியே போட்டுவிட்டு வேனை நோக்கி ஓடினார்கள். நான் மட்டும் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சுனாமிக்கு அடுத்த ஆடி மாதம் அது. பெரம்பலூரில் ஒரு சின்ன டிராவல்ஸில் கைடாகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ரஞ்சன்குடிக் கோட்டை, வாலிகண்டபுரம், கீழப்பழுவூர் என ஒருநாள் டிரிப். கீழப்பழுவூரில் கோயில் நடை சாத்தியதும் வெளியே சாப்பாடு. ஒன்றரைக்குப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் மைன்ஸில் வழக்கம்போல் சங்கு ஊதி வெடி வைத்தார்கள். தரை ஒருமுறை அதிர்ந்தது.

"நிலநடுக்கம்! ஓடுங்கடி!"

"அட, ஒண்ணுமில்லீங்க, மைன்ஸ் வெடிதாங்க" என்று சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

குழுவை அழைத்து வந்தவர் கமலா டீச்சர், ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். வேனிலிருந்து இறங்கி வந்தார்.

"இது தெனமும் நடக்குமாப்பா?"

"ஆமாங்க டீச்சர்."

"அப்ப ஏன் முன்னாடியே சொல்லல?"

என் அப்பாவுக்கு மைன்ஸில்தான் வேலை. அந்தச் சத்தம் கேட்டால் அம்மா தட்டைக் கழுவி வைப்பாள். ஷிப்ட் முடிந்து அப்பா வரும் நேரம். அதற்குப் பயப்படுவார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

வேனில் ஏறும்போது ஓர் அம்மா, "கடலுக்குப் பயந்துதான் இந்தப் பக்கம் வந்தோம். இங்க தரையே ஆடுது. இந்த ஊரே வேணாம்டி" என்றார்.

தை மாதம் மறுபடி வருவதாகச் சொல்லியிருந்த பார்ட்டி அது. எங்களிடம் இரண்டாம் தடவை வருகிறோம் என்று சொன்ன முதல் பார்ட்டியே அவர்கள்தான்.

எங்கள் டிராவல்ஸ் மேனேஜர் சொன்னார்: "அடுத்த பார்ட்டிய ஒரு மணிக்கே கெளப்பிடு தம்பி. வெடின்னு வாயத் தொறக்காத. அதக் கேட்டா எவன் வருவான்?"

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் டீச்சர் கேட்ட கேள்வி காதிலேயே நின்றது. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். தெருவில் எத்தனையோ பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்காக எழுதியது டீச்சருக்குப் போட்ட கடிதம்தான் முதல். முதலில் சங்கு ஊதும், பிறகு வெடி, தரை ஒரே ஒரு தடவை அதிரும் என்று எழுதினேன். எங்கள் வீட்டுக்கு அதுதான் சாப்பாட்டு மணி என்பதையும் எழுதி, சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டேன்.

ஒரு கார்டு வந்தது. 'எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். தையில் வருகிறோம்.'

ஒன்பது பேர் திரும்பி வந்தார்கள், புதிதாக ஆறு பேர். ஒன்றேகால் ஆகியும் யாரும் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. எல்லோர் கண்ணும் டீச்சரின் கைக்கடிகாரத்தில். 'இந்த ஊரே வேணாம்' என்ற அம்மா, தண்ணீர் டம்ளரைத் தரையில் வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தபடி இருந்தார்.

சங்கு ஊதியது. தரை அதிர்ந்தது. டம்ளரில் வளையம் எழுந்து அடங்கியது.

"இவ்ளோதானா? இதுக்கா அன்னிக்குச் செருப்ப வுட்டுட்டு ஓடுனேன்?"

"செருப்பயா வுட்ட? என்னையும்ல வுட்டுட்டு ஓடுன!" என்றார் பக்கத்திலிருந்தவர்.

சிரிப்பு அடங்கியதும் டீச்சர் கேட்டார்: "ஒங்கப்பா இந்நேரம் சாப்பிட ஒக்காந்திருப்பாரா?"

"இனிமேத்தாங்க டீச்சர் வருவாரு."

"சரி, நாமளும் பிரிப்போம்."

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்வது இதுதான்: உங்களுக்குப் பழகிப்போனது எதுவோ, அதை வந்தவர்களிடம் முதலில் சொல்லிவிடுங்கள். வேன் புறப்பட்டதும் நான் இப்போது வெடியைப் பற்றித்தான் ஆரம்பிக்கிறேன். கோயிலைக் கட்டியது யார் என்பதெல்லாம் அப்புறம்.