நனைந்த பிரஷின் எடை

அந்தத் தெருக்களில் அவருக்குப் பெயர் ஏணிக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது பேங்க்காரர்கள் மட்டும்தான். வேன் மேல் அலுமினிய ஏணியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் ஜன்னல் கண்ணாடி கழுவுவது தொழில். தரையில் நிற்கும்போது சுமாரான மனிதர்தான். கொஞ்சம் தொப்பை, நிறைய முன்கோபம். ஏணியில் ஏறிவிட்டால் ஆளே வேறு. தோளில் துணி, கையில் வைப்பர், வாயில் சீட்டி என்று மாடி மாடியாகப் போய்க்கொண்டே இருப்பார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் அவர் மனைவி. கல்யாணமான புதிதில் பிடித்தது, இன்னும் விடவில்லை என்பாள். ஏணியையா புருஷனையா என்று யாராவது கேட்டால், ரெண்டும் ஒண்ணுதானே என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

போன மழைக்காலத்தில் அந்த மனிதர் விழுந்தார். இரண்டாம் மாடி உயரத்திலிருந்து, ஒரு செடித் தொட்டியின் மேல். இடுப்பில் தகடு வைத்தார்கள். இனிமேல் ஏணி என்ற பேச்சே கூடாது, இன்னொரு தடவை விழுந்தால் எழுந்து நடப்பதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். ஏணிக்காரர் பச்சைப் பிள்ளை மாதிரி தலையாட்டினார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும்போது எல்லாப் புருஷன்மார்களும் நல்லவர்கள்தான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அடுக்களை வாசலில் அவருடைய இடது செருப்பு மட்டும் தனியாகக் கிடந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள். மனிதர் கொல்லைப்பக்கம் ஒற்றைச் செருப்போடு போனில் பேசிக்கொண்டு உலாத்திக்கொண்டிருந்தார். சிரிப்பு வந்தது. அடுத்த நாளும் அதே செருப்பு, இந்த முறை மாடிப்படியில். அப்போது சிரிப்பு வரவில்லை. அன்று மாலை அவர் டிவியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது, கூட்டுகிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு ஐஸ் கட்டியை அவர் இடது பாதத்தின் மேல் வைத்தாள். அது உருகி ஓடித் தரையை நனைத்தது. அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

கால் மரத்துப்போனது அவருக்கும் தெரியாமல் இருக்குமா? தெரியும். சொல்லத்தான் மனமில்லை. அவளுக்கும் அதைக் கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டால் ஆமாம் என்றாகிவிடும். ஆமாம் என்றானபின் அந்த மனிதர் யார்? ஏணி இல்லாத ஏணிக்காரரை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதனால் வேறு பக்கமாக வந்தாள். "இப்பல்லாம் கீழ நின்னுகிட்டே நீளக் குச்சியில பிரஷ் மாட்டிக் கழுவறாங்களாமே. பிரஷ்லயே தண்ணி வருதாம். வடிகட்டின தண்ணிங்கறதால துடைக்கக்கூட வேண்டாமாம். நாமளும் ஒண்ணு வாங்கினா என்னங்க?"

"அது சோம்பேறிங்க பண்ற வேலை" என்றார். ஆனாலும் ஒரு நாள் தனியாகப் போய் வாங்கி வந்துவிட்டார். மனிதர் எதையும் பெரிதாகத்தான் வாங்குவார். கடையிலேயே நீளமான கம்பம், கடையிலேயே அகலமான பிரஷ். அதுவும் பன்றி முடி பிரஷ். அதுதான் அழுக்கை உரித்து எடுக்குமாம். கடைக்குள் மடக்கி வைத்திருந்ததை ஒரு கையால் தூக்கிப் பார்த்திருக்கிறார், லேசாக இருந்திருக்கிறது. கம்பம் வாங்குகிற ஆண்கள் அத்தனை பேரும் செய்கிற காரியம் இது. மடக்கின கம்பம் எல்லாமே லேசுதான் என்பது முழுக்க நீட்டிய பிறகுதான் தெரியவரும்.

முதல் வீட்டிலேயே தெரிந்துபோனது. நீட்டியதும் கம்பம் நடுவில் வளைந்து ஆடியது. பன்றி முடி தண்ணீரைக் குடித்துக் குடித்து நுனி கனத்தது. பிரஷ் கண்ணாடியில் போய் உட்காராமல் பக்கத்துச் சுவரில் அறைந்தது, ஜன்னல் விளிம்பில் இடித்தது. வீட்டுக்காரர் பதறிப்போய் வெளியே வந்தார். ஏணிக்காரர் கம்பத்தைத் தரையில் விட்டெறிந்தார்.

"சனியன். ஏணியை எடு."

அவள் வாயைத் திறப்பதற்குள் ஏணி சுவரில் சாய்ந்துவிட்டது. அவள் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். தலைக்கு மேலே அந்த இடது பாதம் ஒவ்வொரு படியாகத் துழாவித் துழாவி ஏறியது. ஒரு படியில் பாதம் பாதிதான் பட்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. கீழே நின்ற இவளுக்குத் தெரிந்தது. அவர் இறங்கி வந்து சீட்டியடித்துக்கொண்டே, "பார்த்தியா? பழைய ஆள் பழைய ஆள்தான்" என்றார். அவள் கையைப் பார்த்துக்கொண்டாள். உள்ளங்கை இரண்டிலும் ஏணியின் விளிம்பு கோடாகப் பதிந்திருந்தது.

மறுநாள் மதியம் அவர் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கும்போது, ஏணியோடும் கம்பத்தோடும் அவளே வேனை ஓட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். கடைக்காரருக்குப் பட்டப்பெயர் சோடாபுட்டி. அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எதிரில் இருப்பது கம்பமா கஸ்டமரா என்று அவருக்குத் தெரியாது.

"அண்ணே, இதை மாத்தணும். ஆனா நான் கடைக்குள்ள தூக்கிப் பார்த்து வாங்க மாட்டேன். பின்பக்கச் சந்துல நீட்டிப் பார்க்கணும். எல்லா பிரஷையும் தண்ணியில ஊறவைங்க."

"எல்லாத்தையுமா?" என்றார் சோடாபுட்டி. "வித்த மாதிரிதான்!"

ஆனாலும் வாளி கொண்டுவந்தார். அவள் ஒவ்வொரு பிரஷையும் தண்ணீர் சொட்டச் சொட்டக் கம்பத்தின் நுனியில் மாட்டினாள். நீட்டினாள். எதிர்ச் சுவரில் ஒரே இடத்தில் நூறு எண்ணும்வரை தேய்த்தாள். தோள் கடுத்ததைப் பொறுத்துக்கொண்டாள். வளைகிற கம்பங்களை ஒதுக்கினாள். கடைசியில் கையில் நின்றது கார்பன் கம்பம். புருஷன் வாங்கியதைவிட மெலிசு, ஆனால் நீட்டினாலும் விறைப்பாக நின்றது. மாட்டியிருந்தது அகலம் குறைந்த நைலான் பிரஷ். தண்ணீரைக் குடிக்காமல் வழியவிட்டது.

"கம்பம் நல்ல தேர்வுதாம்மா. ஆனா கரண்ட் கம்பி பக்கத்துல மட்டும் இதைத் தூக்கிடாத. கார்பன்ல கரண்ட் பாயும்" என்றார் சோடாபுட்டி. "இன்னொண்ணு. பன்னி முடி மாதிரி நைலான் தேய்க்காது. ஒட்டிக் காஞ்சது எதுவும் சட்டுனு வராது. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

அவள் அடுத்துக் கழுவ வேண்டிய வீட்டை நினைத்துப் பார்த்தாள். மாடிப்படிக்கட்டு நெடுக, கீழிருந்து மூன்றாம் மாடிவரை ஒரே கண்ணாடிச் சுவர் வைத்த வீடு. அந்தப் பக்கம் கம்பி எதுவும் கிடையாது. அழுக்கைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை. யோசித்தது அவருடைய இடது காலைப் பற்றித்தான்.

"பழைய கம்பத்தோட இந்த ஏணியையும் எடுத்துக்குங்க, சரியாப் போயிடும்."

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார். "ஏணியையா? ஏணிக்காரர்கிட்ட கேட்டியாம்மா?"

"கேட்டாச்சு" என்றாள். 

வீட்டுக்கு வந்து இன்னொரு பொய். கம்பத்தை மட்டும் மாற்றினேன், ஏணியில் படி ஆடுகிறது, அதை வெல்டிங்குக்குக் கொடுத்திருக்கிறேன் என்றாள். படி உண்மையிலேயே ஆடத்தான் செய்தது. அதனால் அவர் நம்பினார். "சொல்லாம கொள்ளாம என் ஏணியைத் தொடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

கண்ணாடிச் சுவர் வீட்டுக்கு மறுநாள் காலை போனார்கள். வழி நெடுக அவர் உர்ரென்றே வந்தார். வீட்டுக்கார அம்மா டீ டம்ளரோடு வந்து, வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்கள், ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக் காம்பவுண்டில் ஒரு பெயிண்டர் நீளமான மர ஏணியில் நின்று ஜன்னல் சட்டத்துக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். மனைவி அந்த ஏணியைப் பார்த்தாள். பார்த்ததும் சுருக்கென்றது.

தண்ணீர்க் குழாயை இணைத்து, கம்பத்தை ஒவ்வொரு பகுதியாக நீட்டினாள். முதல் மாடி சுலபமாகப் போனது. இரண்டாவதும் போனது. சட்டத்தை முதலில் தேய்த்து, பிறகு கண்ணாடி, பிறகு பிரஷை லேசாக விலக்கி மேலிருந்து தண்ணீரை விட்டு அலசினாள். கம்பம் சொன்னபடி கேட்டது. ஏணிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை, குறை சொல்லவும் ஒன்றும் அகப்படவில்லை.

மூன்றாம் மாடி மூலையில்தான் மாட்டிக்கொண்டது. வெள்ளையாக, உள்ளங்கை அகலத்துக்குப் பறவை எச்சம், எத்தனை நாள் வெயிலில் காய்ந்ததோ. தேய்த்தாள். இன்னும் தேய்த்தாள். நைலான் அதன்மேல் வழுக்கி வழுக்கிப் போனது.

"அந்த மூலை அப்படியே இருக்கேம்மா" என்றாள் வீட்டுக்கார அம்மா.

"அது குச்சிக்கு வராதுங்க" என்றார் ஏணிக்காரர். குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது. "ஏறித்தான் எடுக்கணும். வெல்டிங் கடை பக்கத்துலதானே? ஒரு நிமிஷம், ஏணியை எடுத்துட்டு வந்துடறேன்."

"என்னங்க, நில்லுங்க."

"என்ன?"

"ஏணி அங்க இல்லை. கடையில குடுத்துட்டேன். இந்தக் கம்பத்துக்கு மாத்தா."

அவர் முகத்தில் ரத்தம் ஏறியது. வீட்டுக்கார அம்மா டீயைக் குடிப்பதை நிறுத்தினாள்.

"என் ஏணியைக் குடுத்துட்டியா?"

"ஆமா."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கலை. நீங்க விழுந்தப்ப என்னைக் கேட்டா விழுந்தீங்க?"

அவர் விறுவிறுவென்று கேட்டைத் தாண்டிப் போனார். பக்கத்துக் காம்பவுண்டில் அவர் குரல் கேட்டது. "தம்பி, ஒரு அஞ்சு நிமிஷம் ஏணியைக் குடுப்பா." பெயிண்டருக்கு என்ன தெரியும், நல்ல மனிதர், இறங்கிக் கொடுத்துவிட்டார். ஏணிக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு ஈரத் தரையில் சளக் சளக்கென்று திரும்பி வந்து சுவரில் சாய்த்தார். அவளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சொல்லவில்லை.

அவள் கையில் கம்பம். விட்டால் மேலே கண்ணாடி போய்விடும், விடாவிட்டால் புருஷன்.  ஒரு படி ஏறினார். இரண்டு. மூன்று. நாலாவது படியில் இடது பாதம் துழாவியது. அப்போதுதான் அவள் கேட்டைப் பார்த்தாள்.

"என்னங்க" என்றாள். கத்தவில்லை. "உங்க இடது கால் செருப்பு எங்க?"

அவர் நின்றார். குனிந்து பார்த்தார். வலது காலில் செருப்பு இருந்தது. இடது பாதம் வெறுமனே, ஈரமாக, மரப்படியின் மேல் இருந்தது. அவர் கண் மெதுவாகக் கீழே தரையில் தேடியது, பிறகு பாதையில், பிறகு கேட்டில். கேட்டுக்கு வெளியே, பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்தபடி, செருப்பு கிடந்தது. அவ்வளவு தூரம் வெறுங்காலோடு சரளைக்கல் மேல் நடந்து வந்திருக்கிறார்.

 பிரஷிலிருந்து தண்ணீர் மட்டும் கண்ணாடியில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார், முதல் தடவை ஏறுகிறவர் மாதிரி. பிறகு பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைத்து ஒவ்வொரு படியாக இறங்கினார். தரைக்கு வந்ததும் வாசல் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

"எப்பலேருந்து தெரியும்?"

"நீங்க ஆஸ்பத்திரியிலேருந்து வந்த ரெண்டே நாள்ல."

"ஏன் கேக்கலை?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்." அவள் கம்பத்தை மாற்றிப் பிடித்தாள். "சொல்லவே இல்லையே நீங்க."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தண்ணீர் தெறித்ததைத் துடைத்தார் என்றே வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கார அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த அளவுக்கு அவளுக்கு இங்கிதம் இருந்தது. மனைவி மறுபடி பிரஷை அந்த மூலைக்கு உயர்த்தினாள். அவர் எழுந்து வந்து பின்னால் நின்று கம்பத்தின் அடியைப் பிடித்துக்கொண்டார். பாரம் பாதியாகக் குறைந்தது.

"தேய்க்காதே" என்றார். "காஞ்சதைத் தேய்ச்சா வராது. தண்ணியை மட்டும் அது மேல விட்டுப் பிடி. ஊறட்டும்."

பிடித்தார்கள். நேரம் போனது. வெள்ளையின் ஓரம் சாம்பல் நிறமானது, பிறகு நடுவில் பிளந்தது, பிறகு மொத்தமாக வழுக்கிக்கொண்டு வந்து மூன்று மாடியும் இறங்கி அவர்கள் காலடியில் விழுந்தது. அவள் ஒரே இழுப்பில் அந்த இடத்தை அலசினாள்.

"கம்பம் பரவாயில்லை" என்றார் அவர். "லேசா இருக்கு."

"நனைச்சுத் தூக்கிப் பார்த்து வாங்கினது."

அவர் தலையை ஆட்டினார். பிறகு போய் மர ஏணியைத் தோளில் தூக்கினார். "நான் குடுத்துட்டு வரேன்" என்றாள். வேண்டாம் என்று கையைக் காட்டினார். கேட்டருகே நின்று, செருப்புக்குள் இடது பாதத்தை நுழைத்து, சரியாகப் போயிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு பெயிண்டர் இருந்த பக்கத்து வீட்டைப் பார்த்து நடந்தார், ஒவ்வொரு அடிக்கும் இடது காலைப் பார்த்துக்கொண்டே.