எங்கே பிடித்த மீன்?

முட்டம் கடற்கரையில் ஒரு கேள்வியை மட்டும் கேட்கக் கூடாது. 'இந்த மீன் எங்கே கிடைத்தது?' கேட்டால் ஒரே பதில்தான் வரும்... 'கடல்ல.'

போன வாரம் மீன் வாங்கப் போனேன். என் பள்ளித் தோழன் சகாயம் கரையில் கிடந்த மீன்பிடி வள்ளத்தின் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான். கூடத் தொழில் செய்யும் மச்சான் தாசனைக் காணோம். பேச்சுவார்த்தையே இல்லையாம்.

விஷயம் இதுதான். கடலுக்கு அடியில் ஒரு பாறை. மீன் சேரும் இடம். இவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். வேறு வள்ளம் வந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு, சும்மா போகிற மாதிரி நகர்ந்துவிடுவார்கள். ஜிபிஎஸ் கருவியைக்கூடத் துண்டு போட்டு மூடித்தான் வைப்பார்கள்.

சில நாள் முன்பு அங்கே பெரிய கலவா மீன் மாட்டியது. சகாயம் அங்கேயே புது போனில் படம் எடுத்தான். சவுதியில் இருக்கும் தம்பி பார்க்கட்டும் என்று, ஊரில் பலரும் பார்க்கும் ஒரு ஆப்பில் போட்டான். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில், எடுத்த இடம்! தொட்டால் மேப் விரிந்து புள்ளி வைத்துக் காட்டுகிறது.

மறுநாள் பாறையைச் சுற்றி வள்ளங்கள்.

"பாறைய நான் வித்துட்டேன்னு மச்சான் சொல்லுகான் மக்கா. எங்க அண்ணனுக்கே காட்டாத இடம்" என்றான்.

"இடத்தைக் காட்டலாம்னு போனுக்கு அனுமதி குடுத்தியா?"

போன் கடைக்காரர்தான் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தாராம். கேட்டதற்கெல்லாம் 'சரி' அழுத்தினால்தான் ஆப் திறக்கும் என்றாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலை மறித்து நின்று வாங்குகிற 'சரி'க்குப் பெயர் சம்மதமா? 'உங்கள் இடத்தை அறியலாமா' என்று கேட்கத் தெரிந்தவர்களுக்கு, 'ஊருக்கே காட்டுவோம்' என்று தமிழில் ஒரு வரி சொல்ல வாய் வராதா? வீட்டுக்கு வந்து என் போனைப் பார்த்தேன்... டார்ச் ஆப்புக்கும் என் இருப்பிடம் தெரிய வேண்டுமாம்! இருட்டில் நான் எங்கே நின்றால் அதற்கென்ன?

மறுநாள் சகாயத்தின் போனோடு தாசன் வீட்டுக்குப் போய், படத்தைத் தொட்டுக் காட்டினேன். அவனும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தான்.

"அவன் சொல்லலண்ணே, சரி. அந்தப் பாறை இனி எங்களுக்கு ஆவுமா?"

அதை 'சரி' வாங்கியவர்கள் வந்து சொல்லட்டும்.

இப்போது இருவரும் சேர்ந்து வேறு பாறை தேடுகிறார்கள்... பழைய பட்டன் போனோடு. எந்தப் பக்கம் என்று வாய்தவறி நானே கேட்டுவிட்டேன்.

"கடல்லதான்" என்றான் சகாயம்.