மேனேஜரின் இங்கிலீஷ், என் பிரெஞ்சு

எங்கள் எக்ஸ்போர்ட் மேனேஜரை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் மாடி அறையில், ஒரே ஏசிக்குக் கீழே எதிரெதிர் மேசையில் உட்கார்ந்துகொண்டு, இதைத் தினமும் ஒருவருக்கொருவர் தெரியப்படுத்திக்கொள்கிறோம்.

அவர் இங்கிலீஷில் எழுதுவதை பிரெஞ்சில் மாற்றுவது என் வேலை. எங்கள் ஷூவை வாங்குகிற கம்பெனி பிரான்ஸில் இருக்கிறது. அவர்கள் மொழியில் எழுதினால்தான் சீக்கிரம் பதில் வரும். நான் பிரெஞ்சு எடுத்தது மார்க்குக்காக. பள்ளிக்கூடத்தில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தால் மார்க்கை அள்ளலாம் என்று எங்கள் வகுப்பில் பாதிப் பேர் எடுத்தார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்துபோனார்கள். நான் மறக்காமல் மேற்கொண்டு படித்துத் தொலைத்தேன். அதனால் சத்துவாச்சாரியிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து இந்த மனிதரின் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கிறது.

அவருடைய இங்கிலீஷில் தப்பு இருக்காது. அதுதான் எனக்கு ஆத்திரம். லுக் இன்டூ, டேக் அப், சார்ட் அவுட், ஃபாலோ அப் என்று வினைக்குப் பின்னால் ஒரு வாலை ஒட்டவைத்து முழு மெயிலையும் ஒப்பேற்றிவிடுவார். எதைக் கேட்டாலும் ‘லுக் இன்டூ’ செய்துகொண்டிருப்போம். யார் பார்க்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள், பார்த்து முடித்தார்களா என்பதெல்லாம் அதில் இருக்காது. பிரெஞ்சில் இந்த வால் கிடையாது. சோதிக்கிறோமா, விசாரிக்கிறோமா, பெட்டியைத் திறந்து பார்க்கிறோமா, ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல். ‘சார்ட் அவுட்’ என்றால் பழுதுபார்ப்பதா, நல்லதையும் கெட்டதையும் பிரிப்பதா, பேசித் தீர்ப்பதா? அவரைக் கேட்டால்தான் எழுத முடியும். பிரெஞ்சிலும் பூசி மெழுகும் வாக்கியங்கள் இருக்கின்றன, அவற்றையும் நன்றாகவே படித்திருக்கிறேன். ஆனால் இவருக்காக அவற்றைச் செலவழிக்க எனக்கு மனசில்லை.

கேட்டால் எரிந்து விழுவார்.

“நீ இன்னா வக்கீலாம்மா? எழுதியிருக்கிறத மாத்திக் குடு. உன்னோட பெரிய பேஜாரா போச்சு.”

மாற்றிக் கொடுத்ததை அவர் சரிபார்க்கும் அழகே தனி. பிரெஞ்சில் ஒரு எழுத்து தெரியாது. தன் இங்கிலீஷையும் என் பிரெஞ்சையும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, வரிகள் சமமாக இருக்கின்றனவா என்று பார்ப்பார். பிரெஞ்சு நீண்டிருந்தால், “ஜாஸ்தி இருக்கே, இன்னாத்த சேத்து எழுதின?” என்பார். அந்த மொழி எப்போதுமே கொஞ்சம் நீளும் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், எழுத்தின் அளவைச் சிறிதாக்கிக் கொடுக்க ஆரம்பித்தேன். சந்தேகம் தீர்ந்தது. கீழே தன் பெயரைப் போட்டு அனுப்பிவிடுவார்.

போன மழைக்காலத்தில் பிரான்ஸிலிருந்து ஒரு புகார் வந்தது. பெட்டியைத் திறந்தால் ஷூவின் உள்பக்கமெல்லாம் பூஞ்சை. ஈரம் காயாமல் பெட்டியில் போட்டால் அப்படித்தான் ஆகும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். கன்டெய்னருக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாக ஏற்றியதும் எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். மேனேஜர் வழக்கம்போல எழுதினார்: பார்த்துக்கொண்டிருக்கிறோம், பேக்கிங் செக்‌ஷனிடம் சொல்லியிருக்கிறோம், சரிசெய்துவிடுவோம்.

“யார் சார் பாக்குறாங்க?” என்று கேட்டேன்.

அன்றைக்கு அவர் கத்தவில்லை. சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்துக் காட்டினார்.

“இதுல ஆப் இருக்கும்மா. பிரெஞ்சு, ஜெர்மன், இன்னா வேணுமோ அது. கேள்வி கேக்காது. முதலாளிகிட்ட சொல்லிட்டேன். இந்த சீசன் முடிஞ்சதும் நீ வேற எடம் பாத்துக்க.”

என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. இந்தப் பக்கத்தில் பிரெஞ்சு படித்தவளுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? பிறகு கோபம் வந்தது. எப்படியும் துரத்தப்போகிறார், இனி என்ன பயம்? பேக்கிங் சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன்.

“புகாரா? எங்ககிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலையே மேடம்” என்றார்.

அதை அப்படியே பிரெஞ்சில் எழுதினேன். இதுவரை யாரும் பார்க்கவில்லை. பேக்கிங் செக்‌ஷனுக்குத் தகவலே போகவில்லை. ஷூ காயும் முன்பே பெட்டியில் போட்டோம். எல்லாம் வாலில்லாத, கெட்டியான சொற்கள். வரிகள் சமமாக இருந்தன. அவர் தலையாட்டிவிட்டு, பெயரைப் போட்டு அனுப்பினார்.

பதில் வரவில்லை. அந்தக் கம்பெனியில் தரம் பார்க்கிற பிரெஞ்சு அம்மா நேரிலேயே வந்துவிட்டார். முதலாளி அறையில் உட்காரவைத்து ஆற்காடு மக்கன் பேடா வைத்தார்கள். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். சீசன் முடியும்வரைகூட இல்லை, இன்றோடு போச்சு என்று நினைத்துக்கொண்டேதான் உள்ளே போனேன்.

அந்த அம்மா பேடாவைத் தொடவில்லை. மேனேஜரைப் பார்த்துப் பேசினார். எல்லோரும் பார்க்கிறோம், பார்க்கிறோம் என்றுதான் எழுதுகிறார்கள். யாரும் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டு எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். அந்த மெயிலுக்காகத்தான் ஆர்டரை நிறுத்தாமல் கிளம்பி வந்தேன் என்றார்.

ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். மேனேஜரின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். முதலாளி அவரைப் பார்த்தார்.

“நீயா அப்டி எழுதின?” என்று மேனேஜரைக் கேட்டார்.

“ஆமா சார், நான்தான். உள்ளத உள்ளபடி சொல்லிடணும்ல சார்” என்றார் மேனேஜர்.

இல்லை, நான் எழுதியது என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் அவர் பெயரில் நான் இஷ்டத்துக்கு எழுதி அனுப்பியதும் சேர்ந்தே வெளியே வரும். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சுத்தமான பிரெஞ்சில் சொன்னேன். அந்த அம்மா எழுந்து மேனேஜரின் கையைக் குலுக்கினார். பிறகு பேடாவும் எடுத்துக்கொண்டார்.

சீசன் முடிந்தது. வேறு இடம் பார்க்கச் சொல்லி அவர் வாயே திறக்கவில்லை. சொன்னதை மட்டும் மாற்றித் தருகிற ஆப்பை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? உண்மை பேசுகிற மனிதர் என்று பிரான்ஸ் வரைக்கும் பெயர் வாங்கியாகிவிட்டது, அந்தப் பெயரைக் காப்பாற்ற நான் வேண்டும். இது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நன்றி என்று ஒரு வார்த்தை இன்றுவரை வந்ததில்லை. வந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

போன வாரம் இன்னொரு புகார். சோல் பெயர்ந்து வருகிறதாம். ‘லுக் இன்டூ’ என்று எழுதி என் பக்கம் தள்ளினார். நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.

“யார் சார் பாக்குறாங்க?”

முறைத்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, “சனியன், சனியன்” என்று முனகிக்கொண்டே படியிறங்கி செக்‌ஷனுக்குப் போனார். அவர் பார்த்துவிட்டு மேலே வரும்வரை நான் ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை.