புளியமரத்தடிக் கற்கள்

எங்கள் பெரியப்பாவுக்குப் பெற்ற பிள்ளைகளைவிட வரப்பின் மேல்தான் பாசம் அதிகம் என்று பெரியம்மா வாய்விட்டே சொல்லுவாள். அதில் பொய்யில்லை. ஜவ்வாது மலைச் சரிவில் எங்கள் மானாவாரிக் கொல்லைகள் படிப்படியாக இறங்கும். மேல்கொல்லை பெரியப்பாவுடையது, அடுத்தது எங்களுடையது. நடுவே இடுப்பளவு உயரத்துக்கு அவருடைய கல்வரப்பு. யாராவது அதன்மேல் ஏறி நடந்தால், அவர் தலையிலேயே ஏறி நடந்ததுபோலக் கத்துவார்.

கோடையில் புளி உலுக்கி முடிந்ததும் ஊரில் வரப்பு வேலை தொடங்கும். மிஷின் ஏறாத சரிவு. கூலி கொடுத்து ஆள் கூப்பிடும் பழக்கமும் இல்லை. இன்று உன் கொல்லை, நாளை என் கொல்லை என்று எல்லா வீட்டாரும் சேர்ந்து செய்வார்கள். ஒவ்வொரு கொல்லையிலும் முதல் கல்லை வைப்பவர் ஒருவர்தான். அவருடைய வரப்பு எந்த மழைக்கும் உடைந்திருக்கக் கூடாது. எனக்கு நினைவு தெரிந்து அந்த ஆள் பெரியப்பாதான். அன்றைக்கு மட்டும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வருவார். கல் வைக்கப் போகிறாரா, பெண் பார்க்கப் போகிறாரா என்று அம்மா சிரிப்பாள்.

எனக்கு எட்டு வயதான கோடை அது. வரப்பு வேலை முடிந்திருந்தது. பெரியப்பாவின் வரப்பையொட்டி ஒரு புளியமரம். உலுக்கியும் விழாத பழங்கள் உச்சியில் தொங்கின. எறிவதற்குக் கைக்கு அடக்கமான கல் வேண்டும். பெரிய கற்களின் இடுக்கில் பெரியப்பா செருகியிருந்த சின்னக் கற்கள் எனக்கென்றே அளவெடுத்ததுபோல இருந்தன. பெரிய கல் ஒன்றையும் தொடவில்லையே என்று நல்ல பிள்ளை நினைப்பு வேறு. நாலைந்து நாளில் ஒரு மூலையையே சுரண்டிவிட்டேன். கிடைத்தது பதினோரு பழம். அதிலும் மூன்று பூச்சி.

சாமை விதைத்து, பயிர் விரலளவு எழும்பியிருந்தபோது ஒருநாள் மாலை மழை கொட்டியது. அந்த மூலை பிளந்து, மேல்கொல்லை மண் பயிரோடு எங்கள் கொல்லைக்குள் இறங்கிவிட்டது. அந்த ஒரு முழ மண் போனால் அடியில் வெறும் பாறைதான். இறங்கிய மண்ணைக் கீழ்க்கொல்லைக்காரர் வைத்துக்கொள்ளக் கூடாது, மேலே சுமந்து கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். மறுநாள் காலை ஊரே கூடையோடு வந்துவிட்டது.

"இன்னாண்ணா, உன் வரப்பே பூடுச்சே?" என்றார் அப்பா. கேலியாகக் கேட்கவில்லை, அவரால் நம்ப முடியவில்லை.

பெரியப்பா குனிந்து, உடையாமல் மீந்திருந்த இடுக்குகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நேராகப் புளியமரத்தடிக்குப் போனார். நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அங்கே சிதறிக் கிடந்த கற்களைப் பொறுக்கித் துண்டில் முடிந்துகொண்டு வந்தார். கல் பொறுக்குவது அவருக்கு எப்போதும் உள்ள பழக்கம் என்பதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"என் கைவேலதான் சரியில்ல. இடுக்க சரியா அடைக்காம வுட்டுட்டேன். இனிமே வேற யாராச்சும் மொதக் கல்லு வெய்ங்க" என்றார்.

பெரியம்மா விடவில்லை. "நீயா அடைக்காம வுட்ட? சோறுகூட துன்ன வராம நாள் முச்சூடும் இங்கதானே குந்தினு இருந்த!"

"சும்மா இரு. கூடைய எடு."

தப்பித்தோம் என்று நான் அன்று விட்ட மூச்சை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அப்போதைக்குப் பெரிய கற்களை மட்டும் அடுக்கி வைத்தார்கள். அடுத்த கோடையில் முதல் கல்லை வேறொருவர் வைத்தார். பெரியப்பா பழைய லுங்கியோடு, உடைந்த மூலையில் ஓரமாக உட்கார்ந்து இடுக்கு அடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தத் துண்டு முடிச்சு. என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார்.

"இங்க வாம்மா. இத்த அந்த இடுக்குல செருவு. நல்லா அழுத்து, இழுத்தா வரக் கூடாது."

சின்னப் பிள்ளைகளை வரப்பின் பக்கமே அண்டவிடாதவர், முடிச்சிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து என் கையில் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசிக் கல்லையும் செருகி முடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அந்த வரப்பு அதன் பிறகு உடையவே இல்லை. ஆனாலும் முதல் கல் அவர் கைக்குத் திரும்பவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊர் அன்றே திருப்பிக் கொடுத்திருக்கும். திருப்பத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது போன் செய்தால், "வரப்பு நிக்குதா பெரியப்பா?" என்று கேட்பேன். "நிக்குதும்மா" என்பார். உடனே வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். போன தை மாதம் அவர் போய்விட்டார்.

ஊரில் அத்தனை பிள்ளைகள் இருக்க, அன்று கல் செருக என்னை மட்டும் ஏன் கூப்பிட்டார் என்று எனக்கு அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. நான் வளர்ந்துவிட்டேன், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.