பெயர் சொல்லும் ஆன்டிவைரஸ்

பக்கத்து வீட்டு செலின் அக்காவின் பழைய கம்ப்யூட்டர் இன்று நகரவே மறுத்தது. மெமரி வெறும் 256 எம்.பி. அதில் பாதியை, கெடு முடிந்த ஆன்டிவைரஸே தின்றுகொண்டிருந்தது.

“இதை எடுத்துட்டு லேசா ஒண்ணு போட்டுத் தாறேன் அக்கா” என்றேன்.

“வேண்டாம் மக்கா. அது கெடக்கட்டு.”

“கெடு முடிஞ்சாச்சு. இனி ஒரு வைரஸையும் பிடிக்காது.”

அதற்குள் திரையின் மூலையில் ஆங்கிலத்தில் ஒரு கட்டம் எழும்பியது: ‘ஜெரின், உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டது.’

ஜெரின், செலின் அக்காவின் மகன்; கம்ப்யூட்டர் அவனுடையது. போன வருடம் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை.

“அவனுக்க அப்பா அழுவாருன்னு வீட்டுல யாரும் அவன் பேரச் சொல்லதில்ல மக்கா. இது ஒண்ணுதான் தெனமும் கூப்பிடுது.”

பழையதை எடுக்காமல், 256 எம்.பி.யில் ஓடும் ஆன்டிவைரஸ் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இரண்டைச் சேர்த்துப் போடக்கூடாது என்பது எனக்கும் தெரியும்.